4.9 மில்லிமீட்டர்: பாரிஸ் வில்வித்தை இறுதிப்போட்டியில் ஜெயித்தது கையா, காற்றா?

கரும்புக்காடு (ஃபீனிக்ஸ், டர்பன்) | 4 ஆகஸ்ட் 2024, மாலை 6.10

ஆடி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை வேறு. காலையில் கோவிலில் கஞ்சி ஊற்றிவிட்டு வந்து, வீட்டில் தாத்தாவுக்குப் படைத்து, இலையை எடுத்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. பாரிசுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் இந்த முறை தூக்கம் கெடாமல் ஒலிம்பிக் பார்க்க முடிகிறது. டிவியைப் போட்டால் ஆண்கள் வில்வித்தை இறுதி. தென்கொரியாவின் கிம் வூஜின், அமெரிக்காவின் பிரேடி எலிசன்.

பார்க்காதவர்களுக்காக: ஐந்து செட் முடிந்து 5-5. கடைசிச் செட்டில் இரண்டு பேருமே 30-க்கு 30. அப்புறம் ஆளுக்கு ஒரே ஓர் அம்பு. இருவரும் 10. யாருடைய அம்பு நடுவுக்குப் பக்கத்தில் என்று அளந்தார்கள். கிம்முடையது 55.8 மி.மீ., எலிசனுடையது 60.7 மி.மீ. வித்தியாசம் 4.9 மி.மீ. ஒருவருக்குத் தங்கம், மற்றவருக்கு வெள்ளி.

என் தாய்மாமா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதைப் பார்த்துவிட்டு, "இது காசு சுண்டிப் போட்ட மாதிரிதான்டா தம்பி, இதுக்கு எதுக்கு நாலு வருஷப் பயிற்சி?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே வில் பிடிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

(என் தமிழ் சனிக்கிழமை வகுப்பில் கற்ற தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

---

சான்டன்_மதுரைக்காரன் (ஜோஹனஸ்பர்க்) | 4 ஆகஸ்ட் 2024, மாலை 6.48

உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி. ஆனால் குற்றம் கடைசி அம்பில் இல்லை, செட் முறையில். மூன்று அம்புக்கு ஒரு செட், ஜெயித்தால் 2 புள்ளி, சமம் என்றால் ஆளுக்கு 1, முதலில் 6 எடுப்பவர் வெற்றி. ஒரு செட்டை ஒரே புள்ளியில் ஜெயித்தாலும் 2, பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாலும் அதே 2. கிரிக்கெட்டில் 300 ரன் அடித்தவனுக்கும் 120 அடித்தவனுக்கும் "நீங்கள் ஆளுக்கு ஓர் இன்னிங்ஸ் ஜெயித்தீர்கள்" என்று சொல்வது போல.

2008 வரைக்கும் ஒலிம்பிக்கில் எல்லாப் புள்ளியையும் கூட்டித்தான் பார்த்தார்கள். 2012 லண்டனில்தான் இந்தச் செட் வந்தது. டிவிக்காகச் செய்த வேலை இது. பழையபடி கூட்டியிருந்தால் இன்று எலிசன் கழுத்தில் தங்கம் இருந்திருக்கும்.

---

நாணேற்றி (பைன்டவுன்) | 4 ஆகஸ்ட் 2024, இரவு 8.25

மதுரைக்கார அண்ணா, எழுதும் முன் ஒரு தாளில் கூட்டிப் பார்த்திருக்கலாம்.

கிம்: 27, 28, 27, 29, 30. மொத்தம் 141.
எலிசன்: 29, 24, 29, 27, 30. மொத்தம் 139.

பழைய முறையில் அளவுகோலே தேவைப்பட்டிருக்காது, கிம் நேராக ஜெயித்திருப்பார். இரண்டாவது செட்டில் 24 எடுத்த எலிசனை ஆட்டத்தில் வைத்திருந்ததே நீங்கள் திட்டும் அந்தச் செட் முறைதான்.

இப்போது மாமாவின் கேள்வி. அவர் ஃபிட்டர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன், அவருக்குப் பிடிக்கும். ஒலிம்பிக்கில் பிடிப்பது ரிகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்தது), அதற்குத் தூரம் 70 மீட்டர். இலக்குத் தாளின் விட்டம் 122 செ.மீ. அதில் 10 புள்ளி வட்டம் 12.2 செ.மீ., அதாவது நடுவிலிருந்து 61 மி.மீ. வரை. எலிசனின் அம்பு 60.7. அது 10 வட்டத்தின் ஓரத்தில், கோட்டுக்கு மேலேயே உட்கார்ந்த அம்பு. கிம்முடையது அதிலிருந்து சற்றே உள்ளே. யாருமே நட்டநடுவில் அடிக்கவில்லை.

70 மீட்டருக்கு அப்பால் 4.9 மி.மீ. விலகல் என்றால், 70 செ.மீ. நீள அம்பின் நுனியில் எவ்வளவு? நூறில் ஒரு பங்கு. 0.05 மி.மீ. நம் தலைமுடியின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவுதான். மயிரிழையில் ஜெயித்தான் என்று சும்மா சொல்கிறோமே, இங்கே அது அப்படியே நடந்தது. மனிதக் கை எதுவும் அந்த அளவுக்குக் குறி வைக்காது. கண்ணும் பார்க்காது.

அதனால் மாமாவுக்கு என் பதில்: அந்த ஓர் அம்பில் யார் உள்ளே, யார் வெளியே என்பது காசு சுண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காசைச் சுண்டும் இடத்துக்கு நானோ நீங்களோ போக முடியாது. என்னை அங்கே நிறுத்தினால் போட்டித் திடலுக்கு அருகே இருந்த இன்வாலிட்ஸ் மாளிகையின் தங்கக் கோபுரத்தில்தான் அம்பு குத்தும்.

---

கரும்புக்காடு | 4 ஆகஸ்ட் 2024, இரவு 9.02

மாமாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். கோபமாக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் பழைய வெர்னியர் காலிப்பர், ஆலையில் வைத்திருந்தது, எண்ணெய்த் துணியில் சுற்றியபடி. தாடையை 4.9-க்குத் திறந்து திருகை இறுக்கி என் முன்னால் வைத்தார். அத்தை சமையலறையிலிருந்து ஓர் உளுந்தைக் கொண்டுவந்து அந்த இடைவெளியில் போட்டார். நுழைந்துவிட்டது, கொஞ்சம் ஆடியது.

"இதுக்கா!" என்றார் மாமா. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

---

டோங்காட்_அக்கா (டோங்காட்) | 5 ஆகஸ்ட் 2024, காலை 7.15

தங்கத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். இதே கிம் முதல் சுற்றில் யாரோடு மோதினார், பார்த்தீர்களா? சாட் நாட்டின் இஸ்ராயெல் மடாயே. நம் ஆப்பிரிக்காக்காரர். தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தவரும் கடைசியாக வந்தவரும் மோத வேண்டும் என்பது விதி, அதனால் நேராகச் சிங்கத்தின் வாயில். இரண்டாவது செட்டில் அவருடைய ஓர் அம்பு 1 புள்ளி வட்டத்தில் போய்க் குத்தியது. செட் 29-15.

என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த செட்டில் கிம் 30-க்கு 30 எடுக்கிறார், இந்த மனிதர் அதே கோட்டில் நின்று 25 எடுக்கிறார். ஒன்றைப் போட்ட கை அது. "நீ கணக்குப் பரீட்சையில் எடுத்ததை விட அதிகம்டா" என்றேன், வாயை மூடிக்கொண்டான்.

சின்ன வயதில் எங்கள் பக்கத்துக் கோவிலில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் நடக்கும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: அது தெருக்கூத்து, இங்கே அதற்கு அந்தப் பெயர். அர்ஜுனன் தபசு அன்று வேடம் கட்டியவர் கையில் ஜிகினாத் தாள் ஒட்டிய மூங்கில் வில் இருக்கும். நாண் இழுப்பார், அம்பு போகாது, தாளக்காரர் "டம்" என்று அடிப்பார், நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்ப்போம். குறி தவறிய அர்ஜுனனை நான் பார்த்ததே இல்லை. அதனாலோ என்னவோ, தவறவிட்ட மடாயேயை எனக்குப் பிடித்துவிட்டது.

---

சான்டன்_மதுரைக்காரன் | 5 ஆகஸ்ட் 2024, காலை 9.40

நாணேற்றி, கூட்டல் விஷயத்தில் சரணடைகிறேன். அலுவலகத்தில் எக்செல் வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவன் இப்படி மாட்டியிருக்கக் கூடாது.

ஆனாலும் விடமாட்டேன். 2016 ரியோவில் இதே கிம் தகுதிச் சுற்றில் 72 அம்பில் 720-க்கு 700 எடுத்து உலக சாதனை செய்தார். இரண்டாவது சுற்றில் இந்தோனேசியாவின் ரியாவ் எகா அகதாவிடம் தோற்று வெளியேறினார். 72 அம்பில் உலகத்திலேயே முதல் ஆள், மூன்று நாள் கழித்துப் பத்துப் பன்னிரண்டு அம்பில் வீட்டுக்குப் போ. இது என்ன நியாயம்? 72 அம்பு முடிந்ததும் பதக்கத்தைக் கொடுத்துவிட்டால் ஆயிற்று.

---

நாணேற்றி | 5 ஆகஸ்ட் 2024, பகல் 12.30

இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை, என் வாதத்திலும் ஓட்டை உண்டு. முன்பு அப்படித்தான் இருந்தது. 1972-இல் வில்வித்தை ஒலிம்பிக்குக்குத் திரும்பி வந்தபோது நாள் கணக்கில் நூற்றுக்கணக்கான அம்பு விட்டு, மொத்தம் கூட்டிப் பதக்கம் கொடுத்தார்கள். நியாயமான முறை. பார்க்க ஆள் இல்லை. 1992 பார்சிலோனாவில்தான் ஒருவரோடு ஒருவர் மோதும் முறை வந்தது.

ஆனால் அதைத் தாண்டி ஒன்று இருக்கிறது. தனியாக 72 அம்பு விடுவதும், எதிராளி 10 அடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு 20 விநாடிக்குள் நம் அம்பை விடுவதும் ஒன்றல்ல. எங்கள் கிளப்பில் ஞாயிறு காலை தனியாக நிற்கும்போது என் அம்பெல்லாம் இலக்கின் நடு மஞ்சளில் கொத்தாக நிற்கும். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி மாறி மாறி விடச் சொன்னால் அதற்கு வெளியே சிவப்புக்கு ஓடிவிடும். வில் அதே வில், கை அதே கை.

ரிகர்வ் வில்லில் கிளிக்கர் என்று ஒரு சின்ன உலோகத் தகடு உண்டு. அம்பின் நுனி அதைத் தாண்டி உள்ளே வரும்போது "டிக்" என்று விழும். அந்தச் சத்தம் வந்ததும் விரலை விட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இழுக்கத்தான் அது. பயிற்சியில் அந்தக் கடைசி இரண்டு மி.மீ. வெண்ணெய் போல வரும். போட்டியில் முதுகு இறுகிப்போய் நுனி தகட்டுக்கு அடியிலேயே நிற்கும். இழுக்கிறீர்கள், வரவில்லை, விநாடி ஓடுகிறது, கை நடுங்க ஆரம்பிக்கிறது. 2008 பெய்ஜிங் பெண்கள் இறுதியில் சீனாவின் சாங் ஜுவான்ஜுவான் 110-109 என்று பார்க் சுங்ஹியுனைத் தோற்கடித்தபோது, 1984 முதல் அந்தத் தங்கத்தை விடாமல் வைத்திருந்த கொரியாவின் கையிலிருந்து அது போனது. ஒரே ஒரு புள்ளி. அதைக் காற்று என்பீர்களா, முதுகு என்பீர்களா?

---

மாரிட்ஸ்பர்க்_பொடியன் | 5 ஆகஸ்ட் 2024, மாலை 4.05

கோட்டில் பட்ட அம்பை எப்படி முடிவு செய்கிறார்கள் அண்ணா? பெண்கள் குழு இறுதியில் கொரியாவுக்கும் சீனாவுக்கும் அதனால்தானே அவ்வளவு நேரம் ஆனது?

---

நாணேற்றி | 5 ஆகஸ்ட் 2024, மாலை 5.20

ஆமாம் தம்பி. 4-4 சமம், அதனால் ஷூட்-ஆஃப், அதாவது சமனை உடைக்க மூன்று பேர் ஆளுக்கு ஓர் அம்பு. கொரியாவின் இரண்டு அம்புகள் கோட்டை ஒட்டி நின்றன. நடுவர் இலக்குக்குப் போய்ப் பார்த்து இரண்டையும் 10 என்றார். 29-27. 1988-இல் குழுப்போட்டி வந்ததிலிருந்து பத்தாவது முறையாகத் தங்கம்.

விதி எளிது: கோட்டை அம்புத் தண்டு தொட்டிருந்தால் உயர்ந்த புள்ளி. கிளப் போட்டிகளில் நடுவர் ஒரு பூதக்கண்ணாடியோடு வருவார். இலக்கைத் தொடக் கூடாது, அம்பைத் தொடக் கூடாது, மூச்சுக்கூட மெதுவாக விடுவார். ஒரு பக்கம் குனிந்து பார்ப்பார், மறுபக்கம் போய்க் குனிவார், அப்புறம் ஒரே வார்த்தை. அதோடு சரி, பேச்சே கிடையாது.

"அப்படியானால் தடித்த அம்பாக விட்டால் கோட்டைத் தொட்டுவிடுமே" என்று அடுத்துக் கேட்பாய். 9.3 மி.மீ. வரை தண்டு அனுமதி உண்டு. உள்ளரங்கில் 18 மீட்டருக்கு அப்படித்தான் தடித்ததை விடுவார்கள். வெளியில் 70 மீட்டருக்கு அதை விட்டால் காற்று ஒரு தள்ளு தள்ளும், கோட்டைத் தொடுவதில் கிடைத்த லாபம் எல்லாம் போய்விடும். அதனால் மெல்லிய அம்புதான்.

---

லெனேசியா_வாத்தியார் | 6 ஆகஸ்ட் 2024, இரவு 7.50

இளைஞர்கள் எண்ணிலேயே நிற்கிறீர்கள். எனக்கு ஒலிம்பிக் வில் என்றால் ஒரே அம்புதான். 1992 பார்சிலோனா தொடக்க விழா. அந்தோனியோ ரெபோலோ, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட பாராலிம்பிக் வீரர், தீ அம்பை விட்டுச் சுடர்க் கிண்ணத்தை ஏற்றினார்.

எங்களுக்கு அந்த இரவு வேறு காரணத்துக்காகவும் முக்கியம். 1960-க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக்கில் கால் வைத்த முதல் தடவை. நிறவெறிச் சட்டங்கள் இருந்தவரை நம்மைச் சேர்க்கவில்லை, சேர்க்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. மண்டேலா அரங்கத்தில் உட்கார்ந்திருந்தார். புதுக்கொடிகூட வரவில்லை அப்போது. வீட்டில் என் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் எல்லோரும் ஒரே டிவி முன்னால். அம்பு பறந்து கிண்ணத்தில் விழுந்ததும் என் அப்பா கைதட்டினார், அவர் விளையாட்டே பார்க்காதவர்.

வில்லுக்கும் இந்த மண்ணுக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. மார்கரெட் ஹாரிமன், சக்கர நாற்காலி வீராங்கனை. 1960 ரோம் பாராலிம்பிக்கில் ரொடீசியாவுக்காக (இன்றைய ஜிம்பாப்வே) வில்வித்தையில் தங்கம், பிறகு தென்னாப்பிரிக்காவுக்காக ஆடினார். 1996 அட்லாண்டாவில் லான் பவுல்ஸில் (புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டம்) வெண்கலம் வாங்கினார். 36 வருஷ இடைவெளி!

---

சான்டன்_மதுரைக்காரன் | 6 ஆகஸ்ட் 2024, இரவு 8.11

ஐயா, அந்த அம்பு கிண்ணத்துக்குள் விழவில்லை. மேலாகப் பறந்து அரங்கத்துக்கு வெளியே போனது. கிண்ணத்திலிருந்து எழுந்த வாயுவை அது கடக்கும்போது தீப்பிடித்தது. பாதுகாப்புக்காக அப்படித்தான் திட்டமே.

---

லெனேசியா_வாத்தியார் | 6 ஆகஸ்ட் 2024, இரவு 8.30

தெரியும் தம்பி. என் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

---

மாரிட்ஸ்பர்க்_பொடியன் | 8 ஆகஸ்ட் 2024, மாலை 3.44

எனக்குக் கற்றுக்கொள்ள ஆசை. பள்ளியில் கிரிக்கெட், கால்பந்து தவிர எதுவும் இல்லை. செலவு எப்படி? டர்பனுக்கு 2022 காமன்வெல்த் போட்டி வந்திருந்தால் நமக்கும் ஒரு மைதானம் கிடைத்திருக்கும் என்று அப்பா சொல்கிறார்.

---

நாணேற்றி | 8 ஆகஸ்ட் 2024, இரவு 9.15

அப்பாவின் ஏக்கம் புரிகிறது. 2015-இல் கொடுத்தார்கள், 2017 மார்ச்சில் பணச் சிக்கலால் பறித்து, பர்மிங்ஹாமுக்குப் போனது. ஆப்பிரிக்காவின் முதல் காமன்வெல்த் போட்டியாக இருந்திருக்கும். ஆனால் வில்வித்தைக்கு அதிலும் நிச்சயம் கிடையாது. காமன்வெல்த்தில் இதுவரை இரண்டே தடவைதான் வில்: 1982 பிரிஸ்பேன், 2010 டெல்லி. டெல்லியில்தான் தீபிகா குமாரி 16 வயதில் இரண்டு தங்கம் எடுத்தார்.

செலவு பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நல்ல வில், அம்பு, பார்வைக் கருவி எல்லாமே இறக்குமதி, ராண்ட் விழ விழ விலை ஏறும். அதனால் உடனே வாங்காதே. நான் செய்த முட்டாள்தனம்: முதல் மாதமே ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு, என் வில்லின் இழுப்புக்குப் பொருந்தாத, தேவைக்கு மேல் விறைப்பான அம்பு ஒரு டஜன் வாங்கினேன். எல்லாம் இடது பக்கமே போகும். மூன்று மாதம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கிளப்பில் ஒரு பெரியவர் அம்பை லேசாக வளைத்துப் பார்த்து, "இது உன் வில்லுக்கு இல்லையே" என்றார்.

இன்னொன்று. நம் நாட்டில் வில் பிடிப்பவர்களில் நிறையப் பேர் வேட்டைப் பின்னணி, முக்கியமாக ஆப்பிரிக்கானர்கள் (டச்சு வழி வெள்ளையர்). அவர்கள் கையில் இருப்பது காம்பவுண்ட் வில், உருளை வைத்தது. ஒலிம்பிக்கில் அதற்கு இடமில்லை, ரிகர்வ் மட்டுமே. இருந்தாலும் போகிறவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் கேரன் ஹுல்ட்சர் 46 வயதில் போனார், இந்த முறை வியான் ரூ போயிருக்கிறார். உனக்கு என்ன வயது, பதினைந்தா? அவசரமே இல்லை. கிளப்பில் கடன் வில் கொடுப்பார்கள். முழங்கைக்குக் கீழே காப்பு கட்டாமல் மட்டும் நாணை விடாதே, ஒரு வாரம் நீலமாக இருக்கும்.

---

டோங்காட்_அக்கா | 3 செப்டம்பர் 2024, காலை 6.50

யாராவது விழித்திருக்கிறீர்களா? நேற்று பாராலிம்பிக் கலப்பு இரட்டையர் பார்த்தேன். ஷீத்தல் தேவி, ஜம்மு-காஷ்மீர்ப் பெண், பதினேழு வயது. பிறவியிலேயே இரண்டு கையும் இல்லை. வலது காலால் வில்லைத் தூக்குகிறாள், தோளால் பின்னுக்கு இழுக்கிறாள், தாடையால் விடுகிறாள். ராகேஷ் குமாரோடு சேர்ந்து இத்தாலியை 156-155 என்று வென்று வெண்கலம். அதற்கு முன் தனிப்போட்டியில் 137-138 என்று ஒரு புள்ளியில் தோற்றவள். தோற்றதும் ஒன்றில், ஜெயித்ததும் ஒன்றில்.

காசு சுண்டுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கரும்புக்காடு தம்பி மாமாவைக் கேட்டுச் சொல்லட்டும்.

---

கரும்புக்காடு | 3 செப்டம்பர் 2024, மாலை 6.20

கேட்டேன் அக்கா. வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். "அந்தத் தோள்பட்டை வாரை யார் செய்தது?" என்று மட்டும் கேட்டார். ஃபிட்டர் புத்தி.

---

சான்டன்_மதுரைக்காரன் | 11 ஏப்ரல் 2025, காலை 10.05

பழைய இழையைத் தூசு தட்டுகிறேன். 2028 லாஸ் ஏஞ்சலஸில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் சேர்த்துவிட்டார்கள்! நாணேற்றி, உங்கள் வேட்டைக்கார நண்பர்களுக்குக் கதவு திறந்துவிட்டது. காம்பவுண்டில் செட் கிடையாது, கூட்டல்தான். எனக்கும் வெற்றி!

---

நாணேற்றி | 11 ஏப்ரல் 2025, பகல் 1.30

காலையிலிருந்து கிளப் வாட்ஸாப்பில் இதே பேச்சு. 50 மீட்டர், 80 செ.மீ. தாள், 10 வட்டம் வெறும் 8 செ.மீ. ஆனால் இந்தியாவை மறக்காதீர்கள். ஹாங்சோ ஆசியப் போட்டியில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் அவர்களுக்கே, ஜோதி சுரேகா வென்னமும் ஓஜஸ் தேவ்தாலேயும் ஆளுக்கு மூன்று. நம் ஆட்கள் முதலில் ஆப்பிரிக்காவைத் தாண்டட்டும்.

பொடியன் இப்போது வாரம் தவறாமல் மாரிட்ஸ்பர்க்கிலிருந்து பஸ்ஸில் வருகிறான். 30 மீட்டரில் கொத்து நன்றாக இருக்கிறது. கரும்புக்காடு, நீங்களும் போன மாதம் வந்தீர்களே, உங்கள் மாமாவைப் பற்றி நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் நம்பமாட்டார்கள்.

---

கரும்புக்காடு | 11 ஏப்ரல் 2025, இரவு 8.40

சும்மா பார்க்கத்தான் கூட்டிப் போனேன். மாமா வில்லைத் தொடவே இல்லை, தோள் வலி. பொடியன் ஆறு அம்பு விட்டு இலக்குக்கு நடந்தான், அவனுக்குப் பின்னாலேயே இவரும். சட்டைப் பையிலிருந்து காலிப்பர்.

ஒவ்வோர் அம்பையும் நடுவிலிருந்து அளந்து சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார். எட்டாத தூரத்துக்கு என்னிடம் ஸ்கேல் வாங்கினார். அடுத்த ஆறு, அதற்கடுத்த ஆறு. மதியம் பன்னி சௌ (ரொட்டிக்குள் கறி) வாங்கி வந்தேன், ஆறிப்போனது. கடைசியில் பொடியனைக் கூப்பிட்டு, "முதல் ஆறுக்கும் கடைசி ஆறுக்கும் சராசரி பதினொன்றரை மி.மீ. உள்ளே வந்திருக்கு. காற்று மாறலையே, நீ என்ன மாத்தினே?" என்றார்.

பொடியன் யோசித்துவிட்டு, "கிளிக்கருக்கு முன்னாடி மூச்சை விட்டேன் தாத்தா" என்றான்.

அதையும் அட்டையில் எழுதிக்கொண்டார். இந்த ஞாயிறும் வருகிறாராம், இந்த முறை நீளக் காலிப்பராகக் கொண்டுவருகிறேன் என்கிறார்.